வாழைநார்க் காகிதமும் சின்னப்பா சுவரும்

சுவரில் கை வைத்த ஆள் யாரென்று ஜோசஃபினுக்குத் தெரியாது. எதற்கு வைத்தான் என்பது தெரிந்தது. கிழிக்க.

"அண்ணே, ஈரம். தொடாதீங்க," என்றபடி ஓடி வந்தாள்.

1961 டிசம்பர், லிங்கராஜபுரம். பக்கத்து வீட்டு சின்னப்பாவின் கிடங்குச் சுவர் முழுக்க வெளிர்மஞ்சள் தாள்கள். வாழை மட்டையை வேகவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி அவள் எடுத்த காகிதம். வழவழப்பான சுவரில் ஒட்டிக் காயவைத்தால்தான் சுருங்காது. பிறகு மடித்துத் தைத்தால் உள்ளங்கை அளவு நோட்டுகள். சனிக்கிழமை பிரிகேட் ரோடு கடைக்காரர் பார்க்கிறார். பிடித்தால் மாதாமாதம் ஆர்டர். பிடிக்காவிட்டால் கோலார் தங்கவயலில் அண்ணன் வீடு, அண்ணியின் அடுப்படி. மில் வேலையை விட்டவளுக்கு வேறு வழி இல்லை.

வந்தவன் தனக்கோடி. வரப்போகும் தேர்தலில் ஒரு வேட்பாளரின் பெயரை எழுதச் சுவர் பிடிப்பவன். பின்னால் சிவப்புச் சாய டப்பாவோடு பெயின்டர் தியோடர்.

"யார் சுவர்னு தெரியுமா?"

"சின்னப்பா அண்ணன் சுவர். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிச்சிருக்கார்."

"அவரா அடிச்சாரு? எங்க சுண்ணாம்பு. நேத்து நாங்க அடிச்சது."

டிசம்பரில் அந்தத் தெருவில் வெள்ளையடிக்காத வீடு இல்லை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, ஊருக்குப் போயிருந்த சின்னப்பாவைக் கேட்காமலேயே ஒட்டிவிட்டாள்.

"எதிர்க்கட்சிக்காரன் எவ்வளவு குடுத்தான்?"

"இதுல எழுத்தே இல்லையே."

"அதான் டெக்னிக். இப்போ இடம் பிடிச்சு வெச்சிட்டு, அப்புறமா வந்து எழுதுவான். என்கிட்டயேவா?"

ஒரு தாளின் மூலையைப் பிடித்து இழுத்தான். தாள் பாதியாகக் கிழிந்தது. கூடவே முறம் அகலத்துக்குச் சுண்ணாம்பும் பெயர்ந்து விழுந்தது.

தியோடர் டப்பாவைக் கீழே வைத்தான். "அண்ணே, இப்படி உரிச்சா செங்கல் மேலதான் எழுதணும். என்னால ஆவாது."

"காஞ்சா தானா கழண்டு வரும்ணே," என்றாள் ஜோசஃபின். "சாயங்காலம் வரைக்கும் விடுங்க."

"நாலு மணிக்குத் தலைவர் ஜீப்புல வராரு, சுவரைப் பாக்க." தனக்கோடி தாடையைச் சொறிந்தான். "டேய், பேப்பர் மேலயே எழுது."

அவள் தாள்களுக்கு முன்னால் போய் நின்றாள். சுவர் நீளம், அவள் ஒருத்தி. தியோடர் அவளைச் சுற்றிப் போய்க் கடைசித் தாளில் பிரஷ்ஷை வைத்தான். முதல் எழுத்து முடிவதற்குள் சாயம் நாலாபக்கமும் பரவியது.

"கஞ்சி போடாத காகிதம். ஊத்த ஊத்தக் குடிக்கும்," என்றாள்.

தனக்கோடி குனிந்து பார்த்தான். "என்னடா இது? தலைவர் பேரா, எவனாவது வெத்தலை துப்பினதா?"

"நீங்கதானே எழுதச் சொன்னீங்க," என்றான் தியோடர்.

"சரிம்மா. எது காஞ்சிருக்கு, காட்டு."

வெயில் முதலில் விழுந்த பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். அவள் புறங்கையால் தொட்டுப் பார்த்து உரித்தாள். தனக்கோடி இரண்டு கையாலும் வாங்கி அடுக்கினான். தாள் உரித்த இடத்தில் தியோடர் எழுதினான். ஜீப் வந்து நின்றபோது தலைவரின் பெயர் பாதிதான் முடிந்திருந்தது. மீதிச் சுவரில் ஈரத் தாள்கள்.

"என்னய்யா அது?" என்றார் தலைவர்.

ஜோசஃபின் தனக்கோடியைப் பார்த்தாள்.

"பாதுகாப்புண்ணே," என்றான் அவன். "நாம எழுதி முடிக்கிற வரைக்கும் வேற எவனும் கை வைக்கக் கூடாதுன்னு நாமளே ஒட்டினது."

தலைவர் தலையாட்டினார். "எல்லாச் சுவருக்கும் இப்படியே செய்ங்க." ஜீப் போய்விட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் மிச்சத் தாள்களும் கழன்று வந்தன. கஞ்சியில் தோய்த்து, உலர்த்தி, பாட்டிலால் தேய்த்து வழவழப்பாக்கி, நோட்டாகத் தைத்துச் சனிக்கிழமை கொண்டுபோனாள். கடைக்காரர் ஒரு பக்கத்தில் மைப் பேனாவால் கோடு போட்டார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஊறவில்லை.

"மாசாமாசம் கொண்டு வாம்மா," என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தாள். சின்னப்பாவின் சுவர் முழுக்க இப்போது சிவப்பு எழுத்து. ஈரத் தாளை ஒட்டினால் சாயம் ஏறிவிடும். தெருமுனையில் தனக்கோடி டீ குடித்துக்கொண்டிருந்தான். நேரே அவனிடம் போனாள்.

"அடுத்து எந்தச் சுவருக்குண்ணே வெள்ளையடிக்கிறீங்க?"