காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

சத்தியம், எங்கள் தெரு இசக்கியம்மன் மேல் கையடித்துச் சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை, காதுக்குப் பின்னால் அந்தப் பசைச் சொட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது, தீபாவளிக் காலையில் உச்சி எண்ணெய் இறங்குமே அதுபோல, துடைக்கக் கூடாது என்று ஆன்சிலா சொல்லியிருக்கிறாள், தலை நிறைய மூளையோட்டம் பார்க்கிற ஒயர்த் தொப்பி, அதன் பசைதான் இது, அசைந்தால் திரையில் ஓடும் கோடு கெட்டுப்போகுமாம், அடுத்த தெருப் பெண், பாளையங்கோட்டைக் கல்லூரியில் சத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், காது மந்தமான கிழடுகள் தேவைப்பட்டார்கள், தாத்தா, சும்மா உக்காந்தா போதும் என்று என் காதருகே வந்து கத்தினாள், சும்மா உட்காருவதில் எனக்கிருக்கும் அனுபவம் இந்த ஜில்லாவில் யாருக்கு உண்டு, வந்துவிட்டேன், சுவரெல்லாம் பஞ்சு முள் நீட்டிக்கொண்டிருக்கும் அறை, எதிரொலியே கிடையாது, பேசினால் சொல் வாயை விட்டு இறங்கி அங்கேயே செத்துப்போகிறது, கதவைச் சாத்தியதும் என் ரத்தம் ஓடுவது கேட்டது, முழங்கால் முனகுவது கேட்டது, கொஞ்ச நேரத்தில் தாடி வளருகிற சத்தம், ஆடு புல் மேய்கிறாற்போல நறநறவென்று, நம்பாதவர்கள் போய் உட்கார்ந்து பாருங்கள், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என் வீட்டுக்காரி மடியில் பையோடு இருக்கிறாள், ஆச்சி பேர் என்ன என்று ஆன்சிலா கேட்டபோது ரேஷன் கார்டை மனசில் கொண்டுவந்து பார்த்துத்தான் உலகம்மாள் என்றேன், எனக்கு அவள் ஏளா, அவளுக்கு நான் ஏங்க, இதில் பேருக்கு எங்கே வேலை.

மந்தமும் ஒன்றுமில்லை, எனக்குச் செவிடு வந்தது ஓர் ஆடி மாத மத்தியானம், ஏங்க, கறிவேப்பிலை வாங்கிட்டு வாருங்க என்றாள், கண்ணை மூடிக் கிடந்தேன், ஏங்க, உங்களத்தான், கேட்கவில்லை, கேட்காமலிருப்பது இவ்வளவு சுகமா என்று அன்றைக்கே முழுச்செவிடாகிவிட்டேன், கோயில் வெடிக்குக்கூட இமைக்கமாட்டேன், அவளும் நம்பிவிட்டாள், நம்பியவள் என்ன செய்தாள், பூண்டு உரிக்கும்போது என் முகத்தைப் பார்த்தே பேசத் தொடங்கினாள், செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள், இவள் ஊதியது சங்கில்லை, அந்தக் கிளிக் கதை, எங்கள் அம்மா வீட்டிலிருந்து கூண்டோடு வந்த கிளி, அம்மா போன பிறகு உலகத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஜீவன், விடிந்தால் என் பேர், விளக்கு வைத்தால் என் பேர், ஒரு நாள் கூண்டு திறந்து கிடக்கிறது, தெருவில் எந்த மரத்தடியில் நான் நின்று அழவில்லை, பூனைதான் என்று சொன்னவள் இப்போது பூண்டுத் தோலை ஊதிக்கொண்டே சொல்கிறாள், பூனையுமில்ல ஒண்ணுமில்ல, நாந்தான் தெறந்துவிட்டேன், புருசன் பேர நான் சொல்லமாட்டேன், ஒரு பறவை நாள்பூராவும் சொல்லுது, கேக்கப் பொறுக்கல, உங்க கிட்டச் சொல்லிட்டேன், உங்களுக்குத்தான் கேக்காதே, என்று மூக்கைச் சிந்தினாள், போகட்டும் விடு ஏளா என்று ஒரு வார்த்தை, அது எனக்குத் தொண்டைவரை வந்தது, சொன்னால் செவிடு போய்விடும், அவள் மானமும் போய்விடும், விழுங்கினேன், அன்றிலிருந்து தினமும் அவள் அழுததைத் திருடித் தின்றவன்போலத்தான் சோறு இறங்கியது.

இப்போது காதுக்குள் சந்தை இரைச்சலை விடுகிறாள் ஆன்சிலா, இரைச்சலுக்குள் யார் யாரோ பேர்கள், எத்தனை கூச்சலிலும் அவரவர் பேரை மூளை பொறுக்கிவிடுமாம், தவிட்டில் கோழி நெல்லைப் பொறுக்குவதுபோல, உறங்குகிறவன் மூளைகூட, என் குட்டு உடையப்போகிறது, அதுவும் அவள் கண் முன்னால், பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், என் பேர் வருகிறது, திரையில் கோடு அசையவில்லை, கிணற்றுத் தண்ணீர்போலக் கிடக்கிறது, மறுபடி என் பேர், வேறு யாரையோ கூப்பிடுகிறாற்போலிருக்கிறது, தப்பித்தேன் என்றிருக்கும்போது ஆன்சிலா தலையைச் சொறிகிறாள், வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க, அத இந்த மைக்கில சொல்லுங்க என்று பக்கத்திலிருக்கும் என் வீட்டுக்காரியிடம் நீட்டுகிறாள், இரைச்சலுக்கு அடியில், பூண்டு வாசத்தோடு, மெல்ல, ஏங்க, அவ்வளவுதான், கோடு வெட்டுக்கிளியாகத் துள்ளியது, காதுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லா கேட்டிருக்கு என்று ஆன்சிலா சிரிக்கிறாள், அந்தப்பக்கம் யாரும் சிரிக்கவில்லை, கதவு திறந்தது, அப்பம் அன்னைக்குச் சொன்னதையும் கேட்டுட்டுத்தான் இருந்தியளா, அந்த அறையில் எதிரொலி கிடையாது, ஆனாலும் அந்தக் கேள்வி சாகவில்லை, பஞ்சு முள்ளுக்கு முள் தாவிக்கொண்டே இருந்தது, சொட்டு கழுத்துக்கு இறங்குமுன் முந்தானை வருகிறது, இல்லை, முந்தானை இல்லை, துண்டு, என் தோள் துண்டு, நரைமயிரை ஒதுக்கி அந்தச் சொட்டைத் துடைக்கிற விரல்கள் என்னுடையவை, உலகம்மா, என்கிறேன், அவள் திரும்பவில்லை, ஏளா, என்கிறேன், திரும்புகிறாள், சத்தியம் செய்தவன் ஒன்றே ஒன்றைச் சொல்லியாகவேண்டும், அந்தத் தொப்பி மாட்டியிருந்தது என் தலையில் இல்லை, அவள் தலையில், செவிடாகிக் கிடந்தவள் அவள், நாள்பூராவும் அவள் பேரைச் சொன்ன கிளியைத் திறந்துவிட்டேன் என்று பூண்டு உரித்துக்கொண்டே சொன்னவன் நான்.