சுவருக்குக் கண் வந்த வாரம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பி கோல்கீப்பராக நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் நான்கு கரண்டிகள் வரிசையாகப் படுத்திருந்தன. அவை தடுப்பாட்டக்காரர்கள். எதிரணிக்கு எலுமிச்சைத் துண்டுகள்.

"இங்க பாரு மச்சான். இந்தக் கரண்டி ரெண்டு அடி நகந்துச்சு, அந்தக் கரண்டி உள்ள வந்துச்சு. இடைவெளியே இல்ல. இதுக்குப் பேருதான் தற்காப்பு வியூகம்."

எதிரே உட்கார்ந்திருந்த மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, ஒரு எலுமிச்சைத் துண்டை எடுத்துத் தட்டில் பிழிந்துகொண்டார். "அத்தான், நேத்து ரெண்டு தடவை பந்து கம்பத்துல பட்டு வெளிய போச்சே. அந்தக் கம்பத்தையும் உங்க கோச்சுதான் வியூகம் போட்டு நட்டாரா?"

முந்தின நாள் அவர்கள் ஊர் அணி ஒன்றுக்குச் சைபர் என்று ஜெயித்திருந்தது. அந்த ஒன்றும் எதிரணிக்காரன் முழங்காலில் பட்டுத் தானாக உருண்டு உள்ளே போனது. அது பன்னிரண்டாவது நிமிடம். மிச்ச நேரம் முழுக்க ஊர் அணி தன் கோல் வாசலில் மூட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதிரணி அடிக்காத அடி இல்லை. அதிர்ஷ்டம் என்றார் மச்சான். திட்டம் என்றார் கண்ணாடிக்கடைக்காரர். மைதானத்தில் ஆரம்பித்த வாக்குவாதம் பேருந்தில் தொடர்ந்து, ராத்திரி ஒரு தூக்கம் போட்டு எழுந்து, இப்போது சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்தது.

இரண்டு பேர் மீதும் தப்பில்லை, தொழில் அப்படி. மச்சான் லிஃப்ட் மெக்கானிக். நாலு தடவை எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தும் அசையாத லிஃப்ட், கோபத்தில் கதவை ஓர் உதை விட்டால் ஓடும். அதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் காரணம் என்று ஒன்று கிடையாது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். கண்ணாடிக்கடைக்காரரோ மூக்குக் கண்ணாடியில் கால் பவர் கூடினாலே தலைவலி வரும் என்று தெரிந்தவர். அளந்தால் விடை கிடைக்கும் என்று நம்புகிறவர்.

"சரி, அதை விடு. கடைசி நிமிஷம் என்ன சொல்ற? கீப்பர் கீழ விழுந்து கெடக்கறான். கோல் வாசல் தெறந்து கெடக்கு. அடிச்சது பீரங்கிக் குண்டு மாதிரி வருது. நம்ம சுவர் சரியா அந்த இடத்துல நிக்கறான்!"

சுவர் என்பது நடுத் தடுப்பாட்டக்காரனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர். ஆறடி உயரம், கதவளவு மார்பு.

"நின்னான், மூஞ்சில வாங்கினான். அதுல என்ன வியூகம்?"

"கண்ணைச் சிமிட்டினானா அவன்? சொல்லு! பந்து மூக்குக்கு வர்ற வரைக்கும் இமையே அசையல. நானும் இருபத்திரண்டு வருஷமா கண்ணு பாக்கறேன். அப்படி ஒரு நிதானம் பாத்ததில்ல. பந்து எங்க வரும்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

"ஏங்க," என்றபடி அவர் மனைவி கையை நீட்டி உப்புக் குப்பியை எடுத்தாள். "உங்க கீப்பர் கொஞ்சம் வேணும். சூப்புல உப்பு பத்தல."

"ஏய், கோல் காலியா கெடக்கு!" என்று பதறினார் கண்ணாடிக்கடைக்காரர்.

"இப்ப விழாதுங்க அத்தான்," என்றார் மச்சான். "நமக்குத்தான் அதிர்ஷ்டம் இருக்கே."

செவ்வாய்க்கிழமை காலை கடைக் கதவைத் திறந்துகொண்டு சுவர் உள்ளே வந்தான்.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் இருந்த துணியால் துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்தார். சுவர் நேராக வந்து, முகம் பார்க்க வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடியிடம் "வணக்கம் சார்" என்றான்.

"நான் இங்க இருக்கேன் தம்பி," என்றார் இவர்.

பகலில் அவனுக்குப் பார்சல் கிடங்கில் வேலை. ஒரு தெருவுக்குப் போகவேண்டிய பெட்டிகளை மாதக்கணக்கில் வேறு தெருவுக்கு அடுக்கி வைத்திருக்கிறான். "மேல தொங்கற பலகையைப் பாத்து அடுக்குடான்னு மேனேஜர் கத்தினாரு சார். அப்பத்தான் மேல பலகை தொங்குதுன்னே எனக்குத் தெரியும்."

தடுப்புக்குப் பின்னால் இருந்த சோதனை அறையில் அவனை நாற்காலியில் உட்கார வைத்தார். "எதிர்ல எழுத்துத் தெரியுதா?"

"எதிர்ல ஜன்னல்தானே சார் இருக்கு?"

"அது ஜன்னல் இல்ல. அதுதான் எழுத்துப் பலகை."

வில்லை மேல் வில்லையாகப் போட்டுப் பார்த்தார். மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று. வில்லைப் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது, அவர் நெஞ்சும் கூடவே காலியானது. மைனஸ் நாலரையில் அவன் "ஓ!" என்றான். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி.

"தம்பி... நீ எப்படி விளையாடற?"

"எல்லாருக்கும் தூரத்துல இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன் சார். சட்டைக் கலர் தெரியும். பந்து கிட்ட வந்தா தெரியும். மத்தபடி கீப்பர் கத்துவான். இடது, வலது, நில்லு, குதின்னு. அவன் சொல்ற இடத்துல நான் நிப்பேன்."

கண்ணாடிக்கடைக்காரருக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பியது. கீப்பர் பார்க்கிறான், இவன் நிற்கிறான். அதுவும் ஒரு வியூகம்தானே? அந்தத் தெம்பில் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"சனிக்கிழமை கடைசி நிமிஷத்துல?"

"அப்ப அவன் விழுந்து கெடந்தான் சார். யாரும் கத்தல. எங்க போறதுன்னு தெரியல. அதான் அங்கேயே நின்னுட்டேன். திடீர்னு மூஞ்சில ஏதோ விழுந்துச்சு. எல்லாரும் என்னைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க."

அவர் வில்லைகளைப் பெட்டியில் அடுக்கினார். வேலைக்கு ஒரு மூக்குக் கண்ணாடியும் விளையாட்டுக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் எழுதிக் கொடுத்தார். லென்ஸைப் போடவும் கழற்றவும் இரண்டு சாயங்காலம் உட்கார வைத்துப் பழக்கினார். சுவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான். "வெளிய சொல்லிடாதீங்க சார். கோச்சுக்குத் தெரிஞ்சா உக்கார வெச்சுருவாரு."

"என் கடையில பாத்தது என் கடையோட சரி," என்றார் அவர்.

ஆனால் அந்த வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மச்சான் தினமும் வேலை முடிந்து போகிற வழியில் கடைக்குள் தலையை நீட்டி, "என்ன அத்தான், கண்ணைச் சிமிட்டாத வீரன் எப்படி இருக்கான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். சும்மா வம்புக்குத்தான் கேட்டார். இவரோ ஒவ்வொரு தடவையும் மேசை மேல் குனிந்துகொண்டார். ஸ்குரூ டிரைவரால் ஒரே ஃபிரேமை முறுக்கிக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமை அந்த ஃபிரேம் உடைந்தது.

கடையில் கணக்குப் பார்ப்பது மனைவிதான். செவ்வாய்க்கிழமை தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த அவள், "வாயைத் திறந்துடாதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மைதானத்தில் கூட்டம். ஆட்டம் தொடங்கும் முன்பே கண்ணாடிக்கடைக்காரர் ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டார். சுவர் பந்தைப் பார்க்கவில்லை. மைதானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். மரத்தைப் பார்த்தான். மரத்தில் இருந்த காகத்தைப் பார்த்தான். ஸ்கோர் பலகையை வாய் அசைத்துப் படித்தான். நடுவர் விசில் ஊதியதும் திடுக்கிட்டான்.

ஆறாவது நிமிடம் எதிரணி முன்னாட்டக்காரன் தூரத்திலிருந்து ஓங்கி ஓர் அடி அடித்தான். பந்து சுவரை நோக்கி நேராக வந்தது. சுவர் அதைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, காலில் புறப்பட்டதிலிருந்து முகத்துக்கு வரும் வரை முழுசாகப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்தான். பந்து அவன் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது.

இருபதாவது நிமிடம் மறுபடியும் அதே மாதிரி ஓர் அடி. இந்தத் தடவை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி, விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல் வழிவிட்டான். இரண்டுக்குச் சைபர்.

"அதிர்ஷ்டம் தீர்ந்துபோச்சு அத்தான்," என்றார் மச்சான். குரலில் கேலி இல்லை, நிஜமான துக்கம் இருந்தது. அணி தோற்பதில் அவருக்கு மட்டும் என்ன சந்தோஷம்?

இடைவேளை விசில் ஊதியதுதான் தாமதம், கண்ணாடிக்கடைக்காரர் படிகளில் இறங்கி ஓடினார். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் சுவர் தனியாக முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, என்ன ஆச்சு?"

"சார்! பந்து இவ்வளவு வேகமா வருதுன்னு ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?"

கண்ணாடிக்கடைக்காரர் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் காலி லென்ஸ் டப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக 'போடுங்க, போட்டாத்தான் நல்லது' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், 'கழட்டு' என்ற ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடித்தது. "தம்பி... ஒரு நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு மட்டும்... பழையபடி..."

சுவருக்குப் புரிந்துவிட்டது. "கழட்ட மாட்டேன் சார்," என்றான். "மூணாவது வரிசைல என் பொண்ணு உக்காந்திருக்கா. வழக்கமா கூட்டத்தப் பாத்துக் கை ஆட்டுவேன். யாருக்கு ஆட்டறேன்னு எனக்கே தெரியாது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. முன்பல் விழுந்த வாயைத் திறந்து சிரிக்கறா. நான் ரெண்டு கோல் விட்டதுக்கு அப்புறமும் சிரிக்கறா சார்."

கண்ணாடிக்கடைக்காரரின் கை டப்பியை விட்டது. அதே நேரம் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்ப போன வாரம் இவனுக்குக் கண்ணே தெரியலயா?"

மச்சான். என்ன அவசரமோ என்று பின்னாலேயே வந்திருக்கிறார். அத்தானைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அத்தானைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் மலர்ந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழாயடிச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கண்ணைச் சிமிட்டல! இமையே அசையல! அய்யோ அத்தான்!"

சுவர் தலையைக் குனிந்துகொண்டான். ஆறடி ஆள் நாலடியாகிவிட்டதுபோல் இருந்தது. அதைப் பார்த்ததும் மச்சானுக்குச் சிரிப்பு நின்றது. எழுந்து போய் அவன் தோளில் தட்டினார்.

"தம்பி, நான் லிஃப்ட் வேலை பாக்கறவன். பதினாலு மாடிக் குழிக்கு மேல முதல் தடவை நின்னு கீழ பாத்தப்ப எனக்கும் காலு நடுங்குச்சு. அஞ்சாவது தடவை நடுங்கல. உனக்கு இன்னைக்கு ரெண்டு ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு பாக்கி, அவ்வளவுதான். போ. எங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வெளிய வராது."

இரண்டாம் பாதியில் சுவர் இன்னும் ஒரு தடவை குனிந்தான். பந்து நல்லவேளையாக மேலே போய்விட்டது. அடுத்த தடவை குனியப் போய், பாதியில் நிமிர்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையால் முட்டினான். அதற்கடுத்த தடவை கண்ணைத் திறந்தபடி முட்டினான். கீப்பர் வழக்கம்போல "இடது! இடது!" என்று கத்தினான். சுவர் திரும்பி, "தெரியுது, சும்மா இரு!" என்று கத்தினான். கீப்பர் அப்படியே நின்றுவிட்டான்.

எண்பதாவது நிமிடம் சுவருக்குத் தன் பாதியிலேயே பந்து கிடைத்தது. வழக்கமாக ஏதோ ஒரு திசையில் உதைத்து அனுப்பிவிடுவான். இன்று நிமிர்ந்து பார்த்தான். தூரத்தில் எதிரணிக் கீப்பர் வாசலை விட்டு வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். சுவர் உதைத்தான். பந்து எழும்பி, மைதானத்தையே கடந்து, கம்பத்தில் மோதி, பின்னோக்கி ஓடிவந்த கீப்பரின் முதுகில் பட்டு உள்ளே போனது.

கண்ணாடிக்கடைக்காரரும் மச்சானும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று தோல்வியில்தான் முடிந்தது. ஆனாலும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது யார் முகத்திலும் தோல்விக் களை இல்லை.

"பாத்துக் கணக்குப் போட்டு அடிச்சான் மச்சான். இதுக்கு என்ன சொல்ற?"

"முதுகுல பட்டு உள்ள போனதையும் கணக்குப் போட்டானா?"

"கீப்பர் வெளிய நின்னதப் பாத்தானா இல்லையா?"

"பாத்தான். சரி, பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. அந்தக் கம்பம் மட்டும் என்னோடது."

திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் ஆளாகக் கீப்பர் வந்து நின்றான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சார், அவன் கண்ணைச் சரி பண்ணினது நீங்கதானாமே. என்கிட்ட அவனே சொல்லிட்டான். நல்லா இருந்த ஆளு சார்! சொன்ன எடத்துல நிப்பான். ஒரு கேள்வி கேக்க மாட்டான். இப்ப என்னடான்னா திரும்பி என்னையே கத்தறான். 'ரெண்டு அடி முன்னாடி வா, கோணம் சரியில்ல'ங்கறான்."

"அவன் சொல்றது தப்பா?"

கீப்பர் மேசை மேல் இருந்த ஒரு ஃபிரேமை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "சரியாத்தான் சொல்றான்," என்றான் கடைசியில். "அதான் சார் வயித்தெரிச்சல்."

கண்ணாடிக்கடைக்காரர் அவனைச் சோதனை அறைக்குள் கூட்டிப்போய் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். ஆர்டர் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் கோல் வாசல் வரைந்து, எங்கே நின்றால் எந்தக் கோணம் அடைபடும் என்று காட்டத் தொடங்கினார். கீப்பர் பேனாவைப் பிடுங்கி வேறொரு கோடு போட்டான். இவர் அதை அடித்துவிட்டு இன்னொரு கோடு போட்டார். மூன்றாவது சீட்டு தீர்ந்தபோது மனைவி தடுப்புக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டி, வெளியே நாலு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருப்பதாகச் சொன்னாள்.