ஷூ நனையாத வரைபடம்

நகராட்சி அலுவலகத்தில் நில அளவையாளரின் மேசைக்கு மேலே ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். எந்த நாளில் எத்தனை மணிக்குக் கடல் ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று சொல்லும் அட்டவணை. துறைமுகத்துக்காரர்கள் அதை அச்சிட்டது கப்பலுக்காக. நம் அளவையாளர் வைத்திருந்தது ஷூவுக்காக. காலை பத்து மணிக்குக் கடல் இறங்கியிருக்கும் நாட்களைத் தேடி, சிவப்பு மையில் வட்டம் போடுவார். கடலோரத்தில் எந்த வேலை வந்தாலும் அந்த நாட்களில்தான் போவார். அவருக்கு முன் இருந்தவரும் அப்படித்தான், அவருக்கும் முன் இருந்தவரும் அப்படித்தான். ஆக, அந்த அலுவலகத்து வரைபடங்களில் கடல் எப்போதும் இறங்கியே இருந்தது. அது யாருக்கும் உறைக்கவில்லை.

அவர் அளக்க வேண்டிய பகுதியில் ஒரு பக்கம் பழைய கிடங்குகளும், ஐஸ் ஃபேக்டரியும், படகு பழுதுபார்க்கும் கொட்டகைகளும் இருந்தன. மறுபக்கம் இருபது மாடிக் குடியிருப்புகள், கண்ணாடிச் சுவர் வைத்த காபிக் கடைகள். நடுவே ஒரு கால்வாய். அதை மூடி, மேலே பூங்காவும் நடைபாதையும் போட வேண்டும் என்பது வளர்ச்சித் திட்டம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. அங்கே பிள்ளைகள் ஓடியாட ஒரு சாண் இடமில்லை.

அளக்கப் போன அன்று கால்வாயில் சேறுதான் கிடந்தது. கரையில் படகு இன்ஜின் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெண் கிரீஸ் கையோடு எழுந்து வந்தாள். ஊரே அவளை மெக்கானிக்கம்மா என்றுதான் கூப்பிடும்.

"சார், இப்ப அளந்தா எப்படி? சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க. தண்ணி இந்தத் தூண்ல, இந்தக் கோடு வரைக்கும் நிக்கும்."

"நாலு மணிக்கு ஆபீஸ்ல வேலை இருக்கும்மா. கொட்டகை போயிடுமேன்னு பயப்படாதீங்க, மாத்து இடம் தருவாங்க."

"கொட்டகை கிடக்கட்டும் சார். கடல் ஏறுற நேரத்துல மழை பிடிச்சா, தெருத் தண்ணி கடலுக்குப் போக முடியாது. கடல் இறங்குற வரைக்கும் இங்கதான் வந்து நிக்கும். இதை அடைச்சா அது எங்க சார் போகும்?"

அளவையாளர் சிரித்தார். தெரியாதவர்கள் பேசும்போது தெரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில் 'பயனற்ற காலி நிலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அரசாங்க ஏட்டில் ஏறிய சுரைக்காயை ஊரே தின்றாக வேண்டும், அதுதான் கொடுமை.

இறுதி ஒப்புதல் வருமுன்பே ஒப்பந்தக்காரர், தெருப் பக்கத்துப் பாதிக் கால்வாயை மண் கொட்டி மூடிவிட்டார். மீதியை மூடும் கோப்பு தலைமைப் பொறியாளரின் மேசையில் இருந்தது; ஒரு திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட வேண்டும். அளவையாளரின் பதவி உயர்வுக் கோப்பும் அதே மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை அவர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். கால்வாய்க்கு இரண்டு தெரு பின்னால், தரைத்தளத்தில் வீடு. அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். திங்களன்று பள்ளி திறப்பதால் முன்னறை முழுக்கச் சீருடை மூட்டைகள். மூன்று மணிக்கு மழை பிடித்தது. நான்கு மணிக்கு அடுப்படிச் சாக்கடை குபுகுபுவென்று பொங்கியது. கறுப்புத் தண்ணீர் முன்னறைக்கு நடந்து வந்தது. அளவையாளர் பழக்கதோஷத்தில் முதலில் வாசலில் கழற்றிய ஷூவை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார்.

"டேய், ஷூவைப் பாக்குற நேரமாடா இது? மூட்டையைத் தூக்கு!"

தூக்கினார்கள். பாதி நனைந்த பிறகுதான் தூக்க முடிந்தது. ஆறு வாரத் தையல் சாக்கடையில் ஊறியது. அக்கா அழவில்லை. ஒவ்வொரு சட்டையாகப் பிழிந்தாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

வீடு வீடாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டு, தோளில் பம்போடு மெக்கானிக்கம்மா உள்ளே வந்தாள்.

அக்கா அவளிடம், "இந்தத் தெருவுல இப்படி வந்ததே இல்லம்மா. எந்தம்பி நகராட்சியிலதான் இருக்கான். என்னன்னு பாத்துச் சரி பண்ணிடுவான்" என்றாள்.

மெக்கானிக்கம்மா அவரைப் பார்த்தாள். குனிந்து பம்பை ஓடவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

தண்ணீர் வடிந்து அவள் போனபின் அவர் சொன்னார்: "அக்கா, கால்வாயைக் காலி நிலம்னு எழுதினது நான்தான்."

அக்கா கையிலிருந்த சட்டையை உதறினாள். பிறகு, "எழுதுன கைதானே? அடிச்சுட்டுத் திருத்தி எழுது" என்றாள்.

"பிரமோஷன் போயிடும்க்கா."

"எனக்கு மட்டும் ஒண்ணும் போகலையாடா?"

திங்களன்று அவர் அட்டவணையைப் பார்த்தார். இந்த முறை தேடியது கடல் ஏறும் நேரத்தை. கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி, தலைமைப் பொறியாளரை ஐந்தரை மணிக்குக் கால்வாய்க்கு அழைத்து வந்தார்.

"சாயங்காலம் அளக்க வர்றது இதுதான்யா முதல் தடவை. நேரத்தைக் குறிச்சது யாரு?"

"கடல்தான் சார்."

அளவையாளர் ஷூவைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு அளவுகோலோடு தண்ணீரில் இறங்கினார். "பாத்து சார், அங்க பள்ளம்" என்று கொட்டகையிலிருந்து ஒரு குரல் வந்தது. இடுப்பளவு நீரில் நின்று, தூணில் இருந்த கோட்டைக் காட்டினார். தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப நீ எழுதினது பொய்யா?"

"பாதி உண்மை சார். பொய்யை விட அதுதான் அதிகம் கெடுத்துடுச்சு."

"இது உன் ஃபைல்ல ஏறும். தெரியுமில்ல?"

"ஏறட்டும் சார். பூங்காவைக் கரையில போடுவோம், கால்வாயைத் திறந்து விடுவோம். வளர்ச்சி வேணாம்னு நான் சொல்லல. ஆனா ஒரு ஊரை அளக்க, நமக்கு வசதியான நேரத்துல போகக் கூடாது சார். அந்த ஊருக்குக் கஷ்டமான நேரத்துல போகணும். அங்கயே வாழறவங்க சொல்றதைக் கேட்டுட்டுத்தான் பேனாவை எடுக்கணும்."

தலைமைப் பொறியாளர் தூணையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.