கஞ்சி வளராது

வெள்ளிக்கிழமை துடைத்த கறை, செவ்வாய்க்கிழமை மறுபடியும் உத்தரத்தில் இருந்தது. கையகலமாக இருந்தது இப்போது முறத்தளவு ஆகியிருந்தது. ரேணுகாம்பாள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

நெசவாளர்கள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தில் மரத்தில் வெள்ளையாக எதைக் கண்டாலும் கஞ்சி என்றுதான் சொல்வார்கள். அதில் தப்பும் இல்லை. ஐப்பசி மழையில் தறியில் நெடுக்காக ஓடும் இழையான பாவைத் தெருவில் நீட்ட முடியாமல், கஞ்சி போட்ட பாவை வீட்டுக்குள்ளேயே உத்தரத்தில் போட்டு உலர்த்துகிறவர்கள். அவள் புருஷன் வரதராஜனும் கஞ்சி என்றே நினைத்தான். சுத்தக்காரன் வேறு. கறை தலைகாட்டும்போதெல்லாம் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் தறிக்குழியில் இறங்குவான். துளசிமாடத்துக்குக்கூட அவன் இத்தனை ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியதில்லை, மகராசன்.

ரேணுகாம்பாள் விறகு அடுக்கி விற்கிற தொட்டி வீட்டில் பிறந்தவள். கட்டையின் அடியில் தோல் போர்த்த மாதிரி ஒட்டிப் படரும் இந்த வெள்ளையை, பாவாடை கட்டிய நாளிலிருந்து பார்த்திருக்கிறாள். குடை கிடையாது, காம்பு கிடையாது. காளான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது படர்ந்த கட்டையைத் தூக்கினால் கனமே இருக்காது.

முக்காலியில் ஏறி, கொண்டை ஊசியை உத்தரத்தில் குத்தினாள். ஊசி முழுசாக உள்ளே போயிற்று.

அந்த உத்தரத்தின் மேல்தான் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருந்தது. சேலையில் மயிலும் அன்னமும் விழுவதற்காக இழைகளைத் தூக்கிக் கொடுக்கிற பெட்டி. நாலு பேர் மூச்சுப் பிடித்து ஏற்றியது. அதற்கு நேர் கீழே வரதராஜனின் தலை.

"ஏங்க, இது கஞ்சி இல்லீங்க. கஞ்சி எங்கியாவது வளருமா? காளானு. மரம் உள்ள உளுத்துப்போயி இருக்குது. பெட்டிய எறக்கிடுங்க."

"எறக்கணும்னா பாவ அறுக்கணும், தெரியுமில்ல? இன்னும் ஒரு முழம்தான். சாயங்காலம் சேலைக்குக் கண்ணாயிரம் வந்துடுவாரு. நாளன்னிக்கு அவரு பொண்ணு இத கட்டிக்கினு மணையில குந்தணும்."

"அதுக்குள்ள விழுந்துட்டா?"

"விறகுத் தொட்டிக்காரன் பொண்ணுக்கு எந்த மரத்தப் பாத்தாலும் விறகுதான். நாடாவ எடுடி."

கோர்வைச் சேலையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்கு, குறுக்கிழை சுற்றிய நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் கூட உட்கார வேண்டும். பத்து வருஷமாக அந்த ஆள் ரேணுகாம்பாள்தான். அன்றைக்கு அவள் நாடாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"தள்ளமாட்டேன்."

வரதராஜன் அவளை முறைத்தான். பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்து, "அக்கா!" என்று குரல் கொடுத்தான்.

அவன் அக்கா நீலாம்பாள், மூன்று பிள்ளைகளின் தாய், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "உங்க சண்டையில என் தலைய ஏம்பா உருட்டுறீங்க?" என்று சிரித்தபடி உட்கார்ந்து நாடாவை எடுத்தாள்.

தறி ஓடியது. மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் மேலே பெட்டி அதிர்ந்து குலுங்கியது. உத்தரம் முனகியது. தவிடு மாதிரி தூள் நீலாம்பாளின் தலையில் உதிர்ந்தது. அவள் அதைத் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த நாடாவைத் தள்ளினாள்.

தறியில் ஏறிய பாவை அறுப்பதைத் தாலி அறுப்பதோடு சேர்த்துப் பேசுகிற தெரு அது. இனி காலத்துக்கும் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று ரேணுகாம்பாளுக்குத் தெரியும். கத்தரிக்கோலை எடுத்தாள். இறுகி நின்ற பாவின் குறுக்கே வைத்து அழுத்தினாள்.

பட்டிழைகள் விர்ரென்று சுருண்டன.

"அடிப்பாவி!" என்று அலறினாள் நீலாம்பாள்.

வரதராஜன் குழியிலிருந்து பாய்ந்து எழுந்து கையை ஓங்கினான். ரேணுகாம்பாள் அசையவில்லை. "உளுத்த மரமா? காட்டுறேன் பாரு!" என்று முக்காலியில் ஏறி, ஓங்கிய அதே கையால் அந்த வெள்ளையின் மேல் ஓர் அறை அறைந்தான்.

கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது.

உள்ளே ஊறிய அவல் மாதிரி ஈரமாக இருந்தது. விரல்களுக்குக் கெட்டியாக எதுவுமே அகப்படவில்லை. பெட்டியின் பாரம் லேசாகக் கையில் இறங்குவது தெரிந்தது. கீழே பார்த்தான். அக்கா இன்னும் குழியில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எழுந்திரும்மா." கையை வெளியே எடுக்காமலே சொன்னான். "மெதுவா. தறியத் தொடாத."

தெரு ஆட்கள் ஆறு பேர் வந்து முட்டுக் கொடுத்துப் பெட்டியை இறக்கினார்கள். உத்தரத்தைக் கழற்றித் தரையில் வைத்தபோது, அது தானாகவே இரண்டாக முறிந்தது.

சாயங்காலம் வெற்றிலை பாக்கு பூவோடு கண்ணாயிரம் வந்தார். அறுந்து தொங்கிய பாவைப் பார்த்து அவர் முகம் வெளுத்தது. "யாருய்யா இத அறுத்தது?"

நீலாம்பாள் வாயைத் திறந்தாள். அதற்குள் வரதராஜன் முன்னால் வந்து நின்றான்.

"நான்தாங்க அறுத்தேன்."

"நெசவுக்காரன் செய்யிற காரியமாய்யா இது?"

"இல்லீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

கதவுக்குப் பின்னால் ரேணுகாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.