கம்ப்யூட்டர் மாமாவின் புது டிஸ்க்

பக்கத்து வீட்டு சாய்ராம் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து சுந்தர்ராமனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் ஏதோ கோளாறு என்று மனைவி பாகீரதி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். கோளாறு வயிற்றில்தான், ஆனால் ஓமத்துக்கு அடங்குகிற கோளாறு இல்லை. அப்பட்டமான வயிற்றெரிச்சல்.

இருக்காதா பின்னே? ஐந்து வருஷமாக சிந்துபூந்துறை ஆற்றங்கரைத் தெருவில் கம்ப்யூட்டர் என்றால் ஒன்றே ஒன்று, கம்ப்யூட்டர் மாமா என்றால் ஒரே ஒருவர். தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் அந்த 386-ஐ வாங்கியபோது தெருவே சிரித்தது. தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் தாமிரபரணி தெருவுக்குள் புகுந்து, வீட்டுக்கு வீடு ஜாதக நோட்டை நனைத்துவிட்டுப் போனபோதுதான் சிரிப்பு அடங்கியது. மை கரைந்துகொண்டிருந்த நோட்டுகளை எல்லாரும் அவரிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். கண்ணில் நீர் வடிய இரண்டு மாதம் உட்கார்ந்து, அறுநூற்றுச் சொச்சம் ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நைந்த நோட்டுகளைக் குப்பையில் போட்டால் பாவம் என்று தை அமாவாசையன்று அவரே ஆற்றில் விட்டார். இனிமேல் எந்த வெள்ளம் வந்தாலும் உங்கள் ஜாதகம் அழியாது என்று கரையில் நின்று ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்தார்.

அப்பேர்ப்பட்டவரின் சுவரை ஒட்டி, பாங்க்கில் வேலை பார்க்கிற முப்பது வயதுப் பையன் ஒரு பென்டியத்தைக் கொண்டுவந்து வைத்தால்? கலர் பிரிண்டர் வேறு. மாமாவின் மெஷின் ஒரு ஜாதகத்தைக் கீச்சுக் கீச்சென்று அடித்து முடிப்பதற்குள் பாகீரதி ரசம் வைத்து இறக்கிவிடுவாள். சாய்ராமுடையது பிள்ளையார் படத்தோடு இரண்டு நிமிஷத்தில் நீட்டியது. போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் மாமா வீடு எது என்று கேட்டார். பாண்டி ஆடிக்கொண்டிருந்த சிறுமி சாய்ராம் வீட்டைக் காட்டினாள். சுந்தர்ராமன் அப்போது தன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

சாய்ராம் திமிர் பிடித்தவனாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். படுபாவி, நல்லவனாக இருந்து தொலைத்தான். மெஷின் வந்த மறுநாளே பத்து ஃப்ளாப்பியோடு வந்து நின்றான்.

"மாமா, உங்க ஜாதகம் எல்லாத்துக்கும் ஒரு காப்பி கொடுங்கோ. ரெண்டு இடத்துல இருந்தா நல்லதுதானே?"

"ஃப்ளாப்பி டிரைவ் கெட்டுப்போச்சுடா" என்றார் சுந்தர்ராமன்.

டிரைவ் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. உள்ளே நின்ற பாகீரதி நிமிர்ந்து பார்த்தாள். கையில் மிச்சம் இருப்பதே அந்த ஜாதகங்கள்தான், அதையும் இவனுக்குத் தாரை வார்த்துவிட்டு நான் விரல் சூப்பவா என்று பொருமினார் அவர்.

அதற்குப் பிறகுதான் பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஞானசிகாமணியைப் பிடித்தார். நாலு எம்.பி. ராமைப் பதினாறாக்க வேண்டும். பழைய நூற்றிருபது எம்.பி. ஹார்ட் டிஸ்க்கை அவனிடமே கொடுத்துவிட்டு ஐந்நூறு எம்.பி. டிஸ்க் போட வேண்டும். எல்லாம் சாய்ராமுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும். பிறகு அவன் கண் முன்னாலேயே ஒரு ஜாதகத்தை எடுத்துக் காட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே ஞானசிகாமணி கொல்லை வழியாக வந்துவிட்டான். ஆனால் சாய்ராமின் ஸ்கூட்டர் கிளம்புகிறவரை சுந்தர்ராமன் அவனை ஸ்க்ரூ டிரைவரைத் தொடவிடவில்லை. ஒன்பதரைக்கு அது கிளம்பியது. பெட்டியைத் திறந்து, ராமைச் சொருகி, புது டிஸ்க்கை மாட்டி, பழையதிலிருந்து காப்பி ஓடத் தொடங்கியபோது மணி பத்து பத்து.

பத்து இருபத்தைந்துக்குச் சுந்தர்ராமன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆச்சா?" என்றார்.

"பாதிதான் போயிருக்கு சார். பைய ஓடட்டும்."

"பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள புது டிஸ்க்ல ஆன் பண்ணியாகணும். நிறுத்து."

"மெஷினுக்கு என்ன சார் ராகு காலம்?"

"மெஷினுக்கு இல்லை, எனக்கு இருக்கு."

ஞானசிகாமணி தலையைச் சொறிந்தான். "சரி, மிச்சத்தைப் பன்னெண்டுக்கு மேல ஏத்திக்கிடுவோம்."

பத்து இருபத்தொன்பதுக்கு ஆன் செய்தார்கள். வழக்கமாக நாலாயிரத்தில் நின்றுவிடும் மெமரி எண், மளமளவென்று ஏறிப் பதினாறாயிரத்தைத் தாண்டியது. சுந்தர்ராமனுக்குப் புல்லரித்துவிட்டது. ஜாதகப் பட்டியலைத் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் திரை முழுக்கப் பெயர்கள். 'இப்போ வாடா சாய்ராம்' என்று மனசுக்குள் கறுவினார்.

பன்னிரண்டு அடித்தது. ஞானசிகாமணி மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அப்போதுதான் சுந்தர்ராமனுக்கு உறைத்தது: சாய்ராம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற நேரம். பெட்டி திறந்து கிடப்பதை அவன் பார்த்துவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

"வேண்டாம். ஜாதகம் எல்லாம் வந்தாச்சு, பார்த்துட்டேன். மிச்சம் ஏதாவது பழைய குப்பையாத்தான் இருக்கும். அந்தப் பழைய டிஸ்க் பீடையை எடுத்துண்டு கிளம்பு."

"கடைசி வரைக்கும் பாத்தீயளா சார்?"

"பார்த்துட்டேன்னு சொல்றேனோல்லியோ."

அவர் பார்த்தது முதல் பக்கத்தை.

சாயங்காலம் எதிர்வீட்டுக் காந்திமதி மாமி வந்தாள். கணவர் போன பிறகு ஒற்றைப் பெண்ணை வைத்துக்கொண்டு நாலு வருஷமாக வரன் தேடுகிறவள்.

"அண்ணா, மஹாலக்ஷ்மி ஜாதகம் வேணும். நாளைக்குக் காலம்பற பையனாத்துக்காரா வரா. சாய்ராம்கிட்டதான் முதல்ல கேட்டேன். 'கம்ப்யூட்டர் மாமாகிட்ட போங்கோ, அவர்கிட்ட இல்லாத ஜாதகம் இந்தத் தெருவிலேயே கிடையாது'ன்னான்."

கம்ப்யூட்டர் மாமா! அதுவும் சாய்ராம் வாயால்! சுந்தர்ராமனுக்கு அன்றைக்குத்தான் வயிறு குளிர்ந்தது. பாகீரதியைக் காப்பி போடச் சொல்லிவிட்டு, பட்டியலைத் திறந்து கீழே இறக்கினார். காசிலிங்கம் என்ற பெயரோடு பட்டியல் முடிந்துவிட்டது. ஆங்கில அகர வரிசையில் கே எழுத்துக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. மஹாலக்ஷ்மி இல்லை. அவருடைய சொந்த ஜாதகமே இல்லை.

பேட்டைக்கு போன் போட்டார். "அந்த டிஸ்க்கையா சார் கேக்கீய? அப்பமே அழிச்சுட்டேன். ஏரல்ல ஒரு ஸ்கூலுக்குக் கொண்டுபோயாச்சு" என்றான் ஞானசிகாமணி.

பேச்சுச் சத்தம் கேட்டு சாய்ராம் எட்டிப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் பாங்க்குக்குப் போட்டுப் போன சட்டையைக்கூட மாற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"கவலைப்படாதீங்கோ மாமி. பிறந்த தேதியும் நேரமும் சொல்லுங்கோ, புதுசாப் போட்டுடலாம்."

"தேதி தெரியும். விடியக்காலம். நாழிகை எல்லாம் அவர்னா நோட்டுல எழுதி வச்சிருந்தார்."

"மாமா, ஃப்ளாப்பில ஏதாவது காப்பி..." என்று ஆரம்பித்த சாய்ராம் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அட, டிரைவ்தான் கெட்டுப்போச்சே. அது கெடறதுக்கு முன்னாடியே நான் கேட்காம விட்டுட்டேன். என் தப்பு."

பாகீரதி காப்பித் தம்ளரோடு வாசல்படியில் நின்று அவரையே பார்த்தாள்.

"டிரைவ் கெடலைடா" என்றார் சுந்தர்ராமன். "உனக்குக் கொடுக்க மனசு வரலை."

சாய்ராம் தலையைக் குனிந்துகொண்டான். மாமிக்கு அந்தப் பேச்சு எதுவும் ஏறவில்லை. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"மெஷினை விடுங்கோ அண்ணா. நீங்கதானே உங்க கையால அடிச்சேள். கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கோ, என் பொண்ணு எத்தனை மணிக்குப் பிறந்தா?"

சுந்தர்ராமனுக்கு ஞாபகம் இல்லை.