குழாய்க்கு ஒரு சாவு

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துக்குக் குழாய் கிடையாது. கிணறு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் சாக்கடையும் அதில்தான் வந்து கலக்கும். அறுபத்து நாலாம் வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் பேராச்சியின் ஒரே மகன், ஐந்து வயது சுடலைமுத்து, வாந்தியும் பேதியுமாகக் கிடந்து ஒரே பகலில் செத்துப்போனான்.

சந்து என்ன சொன்னது? வலிப்பு என்றது. காலரா என்று வாயைத் திறந்தால் முனிசிபாலிட்டி வண்டி வரும், உடம்பைத் தூக்கிப் போய் எரித்துவிடுவார்கள், பச்சைப் பிள்ளையைப் புதைக்கக்கூட விடமாட்டார்கள் என்று எல்லாருக்கும் பயம். பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு அவன் துணிகளையெல்லாம் தன் கையால் அலசிப் போட்டாள். விசாரிக்க வந்த முனிசிபாலிட்டி ஆளிடம் வலிப்பு என்று முதலில் சொன்னதும் அவள்தான். பேராச்சி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். உதவி என்று நினைத்துத்தான் செய்தார்கள். நாசமாய்ப் போன உதவி!

குழாய் கேட்டுச் சந்துக்காரர்கள் மனுக் கொடுத்தபோதுதான் அது உறைத்தது. வார்டு சுகாதாரக் குழு நேரில் பார்க்க வந்தது. தலைவரான டாக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். குழுவில் இருந்த ஒரே தமிழர் மாதுங்காவில் குடியிருந்த பிரம்மநாயகம். நல்ல மனிதர்தான். ஆனால் சட்டத்துக்கு வெளியே ஒரு அடி வைக்க மாட்டார்.

"காலரா சாவு பதிவான இடத்துக்குத்தான் முதல்ல குழாய். நாங்க சிபாரிசு பண்ணினா மேலே கேட்பாங்க. ஆனா இந்தச் சந்துல அப்படி ஒரு சாவுகூடப் பதிவாகலையே," என்றார் அவர்.

பேராச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எம் புள்ள செத்தான் சாமி. வாந்திபேதியிலதான் செத்தான். வலிப்புன்னு பொய் சொல்லிட்டோம். இந்தச் சந்துல இன்னொரு புள்ள போயிரக் கூடாது. எழுதிக்கிடுங்க."

பிரம்மநாயகம் அதை இங்கிலீஷில் சொன்னார். யார் பார்த்தது என்று டாக்டர் கேட்டார். எல்லாரும் சண்முகவடிவைத் திரும்பிப் பார்த்தார்கள். நோயை மறைத்தவர்களைப் போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று காலையில்தான் அவள் புருஷன் அவளை மிரட்டியிருந்தான்.

"வலிப்புதான் சார்," என்றாள் தலையைத் தூக்காமல். "புள்ள போன துக்கத்துல மதினி என்னத்தையோ சொல்லுதாவ."

குழு போய்விட்டது. பேராச்சிக்குக் கோபம்கூட வரவில்லை. பெற்ற பிள்ளை எதனால் செத்தான் என்று சொல்லக்கூடத் தனக்குப் பாத்தியதை இல்லாமல் போயிற்றே என்றுதான் நெஞ்சு வெந்தது.

மழை விடுவதற்குள் சண்முகவடிவின் மகளுக்கு வாந்தி கண்டது. கண்கள் குழிவிழுந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பேராச்சி வீட்டு வாசலில்தான் ஓடி வந்து உட்கார்ந்தாள்.

"மதினி, என்ன செய்யட்டும்?"

"வண்டியக் கூப்பிடுவோம்."

"எரிச்சிருவாவளே!"

"உசுரோட இருக்க புள்ளைய எவன் எரிப்பான்? எந்திரிட்டி!"

பேராச்சியே ஓடிப்போய் வண்டியை அழைத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. குழந்தை பிழைக்கவில்லை. காலரா என்று பதிவானது.

அதன்பிறகு நடந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! குழு சிபாரிசு செய்தது, மேலே ஒப்புக்கொண்டார்கள், ரோட்டைத் தோண்டினார்கள், குழாய் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்குக் குழு வந்தது, குழாய்க்கு மாலை வேறு போட்டார்கள். பிரம்மநாயகம் தமிழில் பேசினார்.

"இந்தச் சந்தில் நேர்ந்த ஒரு மரணத்தை எங்கள் குழு சும்மா விடவில்லை..."

"ஒண்ணு இல்ல சார்."

சண்முகவடிவுதான். பிள்ளை போனதிலிருந்து அவள் யாரிடமும் பேசியதில்லை.

"ரெண்டு. சுடலைமுத்துவும் இதுலதான் செத்தான். அவன் துணிய அலசுனவ நான். அன்னைக்கு உங்க முன்னால பொய் சொன்னேன். அவனையும் எழுதுங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா எம் புள்ள..."

விழப்போனவளைப் பேராச்சி தாங்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு கதறினார்கள்.

என்ன விஷயம் என்று டாக்டர் கேட்டார். பிரம்மநாயகம் இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"குழாய்தான் வந்தாயிற்றே, இனிமேல் அந்தப் பதிவு எதற்கு?"