ஆண்டாயி போட்ட நிபந்தனை

இருபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஆண்டாயி மட்டும் முடியாது என்றாள். அதுவும் வாட்ஸப் குழுவில், எல்லோரும் பார்க்க, ஒரே சொல்லில்.

வெற்றிச்செல்வி குரும்பலூரில் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது சனிக்கிழமை காலை ஒன்பதரை. மாலை ஐந்து மணிக்கு ‘தராசு’ மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகிறது. எடைமேடையில் லாரியை எடைபோட்டுச் சீட்டு அடிக்கிற இலவச மென்பொருள் அது. தமிழில் கையேடு கிடையாது. அதனால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து எடைமேடை ஆட்கள் லோடு வராத நேரத்தில் ஆளுக்கொரு பாடம் எழுதியும் பேசியும் அனுப்ப, வெற்றிச்செல்வி அவற்றைக் கோத்து நூற்றுப்பத்துப் பக்கம் ஆக்கியிருந்தாள். சென்னையில் இரவு வேலையை உதறிவிட்டு வந்த இரண்டு வருடத்தில் அவள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

கையேட்டைப் புதிய பதிப்போடு சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று மென்பொருளைச் செய்தவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திருத்தலாம் என்கிற திறந்த உரிமம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எழுதிய எல்லோரும் சம்மதிக்க வேண்டும். மறுப்பவரின் பகுதியை எடுத்துவிட வேண்டும். ஆண்டாயி எழுதியது ஏழாம் பாடம்: ‘எடை போடும்போது கரண்ட் போனால்’. எல்லோரும் கையேட்டைத் திறக்கப்போவதே அதற்காகத்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்ற விவரம்தான்.

ஆலத்தியூர் போய்ச் சேர்ந்தபோது கண்ணிமையெல்லாம் சிமெண்ட் தூசி. ஒற்றை ஜன்னல் அறையில் ஆண்டாயி உட்கார்ந்திருந்தாள். வெளியே மேடை மேல் ஒரு டிப்பர் லாரி.

“வா வெற்றி. நேர்லயே வந்துட்டியா?”

“போன எடுக்க மாட்றீங்களே அக்கா.”

“எடுத்தா பேசியே கவுத்துடுவ. இரு, வண்டி நிக்கிது.” ஜன்னல் வழியாக டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். “எறங்குப்பா கீழ! ஒன் தொப்பையையும் சேத்து எடை போடவா?”

டிரைவர் வயிற்றைத் தடவிக்கொண்டு இறங்கினான். ஆண்டாயி சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

“‘அளக்கத்தான் சம்மதம் கேக்குறோம்’னு கம்பெனிக்காரனுங்க சொன்னத நம்பி எங்கப்பா கட்டவெரல் ரேகை வெச்சாரு. எங்க கொல்லை நெலம் இப்போ சுண்ணாம்புக்கல் பள்ளம். அதுலேர்ந்து ஏறி வர்ற லாரியத்தான் நான் எடை போடுறேன். சம்மதம்னு எவன் கேட்டாலும் மொதல்ல முடியாதுன்னுதான் சொல்லுவேன்.”

வெற்றிச்செல்வி வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“பாடம் ஒங்களுதுதான் அக்கா. எடுத்துப் பயன்படுத்தலாம்னு அனுமதி மட்டும் குடுக்கறீங்க. எடுக்கறவன் ஒங்க பேரப் போட்டே ஆவணும். மாத்தினா மாத்தினேன்னு சொல்லியாவணும்.”

“குடுத்தத திரும்ப வாங்கலாமா?”

இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் அவள் வேண்டிக்கொண்டு வந்தாள். பொய் சொல்லத் தேவையில்லை, கொஞ்சம் மழுப்பினாலே போதும். மழுப்ப வாய் வரவில்லை.

“முடியாது. குடுத்தா குடுத்ததுதான்.”

“எவனாவது அச்சடிச்சு வித்தா?”

“விக்கலாம்.”

“நமக்கு?”

“ஒண்ணும் வராது.”

ஆண்டாயி மேசை அதிரச் சிரித்தாள்.

“அடிப்பாவி! இப்படியா ஆளு புடிப்பாங்க? எங்கப்பாகிட்ட வந்தவனுங்கள்ல ஒருத்தன்கூட பாதகத்தச் சொல்லலியே. அந்தப் பேப்பரக் காட்டு.”

உரிமத்தின் சாரத்தை வெற்றிச்செல்வி ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருந்தாள். இரண்டு லாரிகளுக்கு நடுவே ஆண்டாயி அதை விரல் வைத்துப் படித்தாள்.

“நம்ம பாடத்த எடுத்து, நாலு வரி சேத்து, யாருக்கும் குடுக்க மாட்டேன்னு பூட்டிக்கிட்டா?”

“இந்த உரிமத்துல அப்படிச் செய்யலாம்.”

“அது ஆவாது. நான் தொறந்து குடுத்தா அவனும் தொறந்துதான் குடுக்கணும். அப்படி ஒண்ணு இல்லியா?”

“இருக்கு. வாங்கினவனும் அதே நிபந்தனையிலதான் குடுக்கணும்னு ஒரு வகை. ஆனா அதுக்கு மாறினா இருபத்திரண்டு பேர்கிட்டயும் மறுபடி கேக்கணும். மணி பன்னண்டு அக்கா.”

“கேப்போம். அஞ்சு மணி வரைக்கும் என்ன பண்ணப் போற?”

வெற்றிச்செல்வி புதிய உரிமத்தின் சாரத்தை எழுதிக் குழுவில் போட, ஆண்டாயியே பேசி அனுப்பினாள். முதல் பதில் வேப்பந்தட்டை எடைமேடை சிங்காரவேலுவிடமிருந்து வந்தது.

“ஏம்மா, காலைல முடியாதுன்ன. இப்ப எங்களுக்கே ரூல்ஸ் போடுறியா?”

“ஆமாண்ணே. ஒங்க மூணாம் பாடத்த ஒருத்தன் மெருகேத்திப் பூட்டி வெச்சிக்கிட்டு, நீங்க கேட்டா காட்ட மாட்டேன்னா பரவால்லியா?”

பதிலுக்குச் சிங்காரவேலு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அவரைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர் கட்டைவிரல் அனுப்பினார்கள்.

ஆண்டாயி போனை வாயருகே கொண்டுபோனாள். “கட்டவெரலு செல்லாது. எங்கப்பா வெச்சதே போதும். படிச்சுப் பாத்துட்டு வாயத் தொறந்து சொல்லுங்க.”

அதன் பிறகு சம்மதங்கள் அந்த அறையில் குரலாக வந்து விழுந்தன. ஹாரன் சத்தத்தோடு ஒரு சம்மதம், ஆட்டுக் கத்தலோடு ஒன்று, வாய் நிறையச் சோற்றோடு ஒன்று. அரியலூர் அம்பிகா மட்டும் பதினோரு கேள்வி கேட்டுவிட்டுச் சம்மதித்தாள். கடைசி ஆள் பூவரசனுக்குத் தங்கை நிச்சயதார்த்தம். மணி நாலரைக்கு மேளச் சத்தத்துக்கு நடுவில் அவன் கத்தினான்: “சம்மதம்! மாப்ளகூட இவ்ளோ சத்தமா சொல்லல!”

வெற்றிச்செல்வி அங்கேயே தரையில் உட்கார்ந்து பதிவேற்றினாள். சிரிப்பு வந்தது.

“ஒங்க பேர எப்படிப் போடட்டும்?”

“எடச் சீட்டுல நான் ‘ஆப்பரேட்டர் இரண்டு’. இதுல ஆண்டாயின்னு போடு.”

ஐந்து மணிக்குப் பதிப்பு வெளியானது, ஏழாம் பாடத்தோடு. ஆண்டாயி தன் பெயரை இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்தாள். டீ சொன்னாள். டீ வருவதற்குள் சிங்காரவேலு குழுவில் வந்துவிட்டார்.

“ஆண்டாயி, ஏழாம் பாடம் நாலாவது வரியத் திருத்தி ஏத்திட்டேன். பேட்டரியில ஓடும்போது மொதல்ல அணைக்க வேண்டியது பிரிண்டர்.”

“என் பாடத்துல கைய வெக்க இந்தாளு யாரு?”

“நீங்கதான் அக்கா அனுமதி குடுத்தீங்க.”

ஆண்டாயி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். “என் பேரு இருக்கா?”

“இருக்கு. அவரு திருத்தினாருங்கறதும் கீழ இருக்கு.”

அவள் நாலாவது வரியை உதடு அசையப் படித்தாள். ஜன்னலுக்கு வெளியே லாரி ஹாரன் அடித்தது. அவள் எழவில்லை.

“சரியாத்தான் திருத்தியிருக்கான் மனுசன்” என்றாள். நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அவரோட மூணாம் பாடத்த எடு. அதுல ஒம்போது தப்பு இருக்கு.”